காட்சிக்கலைப் படிப்பும் கைப்பொருளும்

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளியானவுடன் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல இல்லங்களில் ஒரே விவாதம் எழுகின்றது. மகனோ மகளோ திரைப்படம், விளம்பரம், அனிமேஷன் முதலிய கலைகளைப் பயில விரும்புவதும், தந்தையார் இதனால் ஜீவனம் நடக்குமா என வினவுவதும், தாயார் தம் நகைகளை நினைத்துப் பார்ப்பதும் நாம் காணும் காட்சிகளே. இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்தல் நம் மாணவர்க்கும் அவர்தம் இளையோர்க்கும் பயன் தருமென எண்ணுகின்றோம்.

முதற்கண் இத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் பட்டமின்றித் தொழிலில்லை. காமிராவையும் தூரிகையையும் கைக்கொள்பவரிடமோ, முன்பு செய்த வேலையைக் காட்டுமாறே முதலிற் கேட்கின்றனர். மேலும், உதவியாளராய்த் தொடங்குவோர்க்கு ஊதியம் சொற்பம். ஒரு படத்திற்கும் மறுபடத்திற்கும் இடையே வருவாயற்ற மாதங்களும் உண்டு. கடன் தவணையோ மாதந்தவறாது வந்து நிற்கும்.

கணக்கொன்று காண்போம். நான்காண்டுப் படிப்பிற்கு, ஆண்டின் தொடக்கந்தோறும் 2½ லட்சம் ரூபாய் வீதம் 10 லட்சம் கடன் பெறுவதாகவும், வட்டி ஆண்டிற்கு நூற்றுக்குப் பத்து என்றும் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டிக் கணக்கிற்கூட அத்தொகை 13½ லட்சமாகிவிடும். இப்பாரத்தைச் சுமப்பவர், கற்றுக்கொள்ளத்தக்க சிறுசம்பள வேலையை விடுத்து, கிடைத்த வேலையிற் புகவேண்டியவராவார்.

ஆயின் ஏழை மாணவர்க்கு வழியில்லையோ எனின், நம் நகரிலேயே உண்டு. அடையாற்றை அடுத்த தரமணியில், 1945-இல் தோன்றிய அரசினர் திரைப்படப் பயிற்சி நிலையம் இன்று எம்.ஜி.ஆர். பெயரால் விளங்குகின்றது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன் முதலியவற்றில் அங்கு நான்காண்டுப் பட்டம் பெறலாம். எழும்பூரிலுள்ள அரசினர் கவின்கலைக் கல்லூரியோ, அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியரால் 1850-இல் தொடங்கப்பெற்றது. திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் தரமணிக்கும், மாம்பலத்திலிருந்து மின்ரயிலில் எழும்பூருக்கும் செல்லலாமாதலின், இப்பகுதி மாணவர்க்கு விடுதிச் செலவும் இல்லை. இடங்கள் மிகச் சிலவே; ஆதலின் முன்னரே வரைந்தும் படம்பிடித்தும் பழகியவர்க்கே தேர்வில் வெற்றி எளிதாகும்.

குறைந்த கட்டணத்தாற் கல்வியுங் குறைவுபடுமோ என ஐயுறுவார் ‘நாயகன்’ திரைப்படத்தை நினைவுகூர்க. 1987-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில், அப்படத்தின் ஒளிப்பதிவுக்காகப் பி. சி. ஸ்ரீராமும், கலை அமைப்பிற்காகத் தோட்டா தரணியும் பரிசு பெற்றனர். முன்னவர் அத்திரைப்பட நிலையத்திலும், பின்னவர் அக்கவின்கலைக் கல்லூரியிலும் பயின்றவர். கற்றோர் அனைவரும் அவர்போல் ஆவரென்று நாம் கூறவில்லை. திறமைக்குப் பெருங்கட்டணம் இன்றியமையாததன்று என்பதே நம் கருத்து.

ஓவியர் கோபுலுவின் (1924–2015) வாழ்வும் ஈண்டுக் கருதத்தக்கது. கும்பகோணம் சித்திரகலாசாலையிற் பயின்ற அவர், ‘ஆனந்த விகட’னிற் சித்திரம் தீட்டிப் புகழெய்தினார், பின்னர் விளம்பரத் துறை புகுந்து அங்கும் சிறந்தார். துறை மாறியபோதும் கைத்திறன் அவருடன் சென்றது. கருவிகள் விரைந்து மாறும் இக்காலத்தில், ஒரு கருவியின் இயக்கத்தை மட்டும் கற்பிக்கும் படிப்பினும், வரைதல், ஒளியறிதல், கதை சொல்லுதல் ஆகிய அடிப்படைகளைக் கற்பிக்கும் படிப்பே நெடுநாள் ஊதியந் தரும்.

அரசினர் கல்லூரிகளில் இடம் பெறாதவர், கலைக்கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் என்னும் மூன்றாண்டுப் பட்டத்தை நாடலாம். நம்போன்ற கல்லூரிகளிலும் இப்படிப்பு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடைபெறுவதால், உதவிபெறும் பிரிவினுங் கட்டணம் மிகுதியென்பதை மறைத்தல் முறையன்று. எங்குச் சேரினும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். காமிரா, கணினி உள்ளிட்ட முழுச் செலவு யாது? ஒரு மாணவரின் கையில் கருவிகள் வாரத்திற்கு எத்தனை மணிநேரம் இருக்கும்? மூன்றாண்டுகட்கு முன் வெளிச்சென்றவர் இன்று யாது செய்கின்றனர்? இறுதி வினாவிற்கு விடையை விளம்பரத் தாளில் தேடாது, அப்பழைய மாணவரிடமே கேட்டறிக.

இத்துறைகளிற் பணியாற்றும் நம் பழைய மாணவர்கள், வினவி வரும் இளைஞர்க்குத் தம் முதலாண்டு வருவாயை ஒளியாது உரைப்பாராக. அச்சிறு உதவி ஒரு தாயின் நகைகளைக் காக்கவுங்கூடும்.