உங்களுக்குத் தெரியுமா? மார்பகச் செல்லை ஏமாற்றும் காட்மியம்

மார்பகச் செல்லில் பல மரபணுக்களை இயக்குவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம். டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் அதன் பகுதியில் இருப்பவை இரண்டே துத்தநாக அணுக்கள். ஒவ்வொன்றையும் நான்கு சிஸ்டீன் அமினோ அமிலங்கள் சுற்றிப் பிடித்திருக்கும். துத்தநாகம் கழன்றால் புரதத்தின் மடிப்பு குலையும், டி.என்.ஏ.வின் மீதுள்ள பிடியும் போய்விடும். அவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு இது!

காட்மியமோ நம் உடலுக்குத் தேவையே இல்லாத நச்சு உலோகம். ஆனால் எம்.சி.எஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் மிகச் சிறிதளவு சேர்த்தாலே, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இல்லாமலும் அந்த ஏற்பி விழித்துக்கொள்கிறது. புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்கான மரபணு உள்ளிட்டவை வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஏற்பியில் ஹார்மோன் வந்து அமரும் மற்றொரு பகுதியிலேயே காட்மியம் ஒட்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2003இல் வெளியான ஆய்வொன்றில், காட்மியம் செலுத்தப்பட்ட எலிகளின் பால்சுரப்பிகளும் ஈஸ்ட்ரோஜன் பெற்றவை போலவே வளர்ந்தன.

காட்மியத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அலட்சியம் கூடாது. புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும். அது புகையோடு உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்கினால், அதில் பாதி வெளியேறவே 10 ஆண்டுகளுக்கு மேலாகும்.