ஊசி படாமல் அளக்கும் கொழுப்பு

கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் கொடுக்க முன்வருபவர் நோயாளி அல்ல. மனைவிக்காகவோ அப்பாவுக்காகவோ பெற்ற பிள்ளைக்காகவோ மருத்துவமனை வாசல் ஏறியவர். அறுவை சிகிச்சையால் அவர் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. அதனால்தான் அவருக்கு வரக்கூடிய சின்னத் தீங்கையும் மருத்துவர்கள் பெரிதாக எடைபோடுகிறார்கள், போடவும் வேண்டும்.

1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், ஜப்பானியத் தாய் ஒருவரின் கல்லீரல் துண்டை அவர் மகனுக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார் ரஸ்ஸல் ஸ்ட்ராங். 1998இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்று டெல்லியில் தன் தந்தையின் கல்லீரல் பகுதியைப் பெற்றுப் பிழைத்தது. குழந்தைக்கு இடப்பக்கத்துச் சிறு துண்டு போதும். பெரியவர்களுக்கு அது பற்றாது. பெரும்பாலும் வலப்பக்கம் முழுவதும் வேண்டும். அது கல்லீரலில் ஏறத்தாழ 60 சதவீதம். மீதமுள்ளதை வைத்துத்தான் கொடுத்தவர் வாழ வேண்டும், அது வளரும்வரை.

இங்கேதான் கொழுப்பு குறுக்கே வருகிறது. கொழுப்பு ஏறிய கல்லீரல் ரத்தம் நின்று மீண்டும் பாயும்போது எளிதில் சேதமடைகிறது, வளர்வதும் தாமதமாகலாம். அளவில் பெரிதாகத் தெரிந்தாலும் வேலை செய்யும் திசு அதில் குறைவு. 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் பல மருத்துவமனைகள் அந்தக் கல்லீரலை எடுப்பதில்லை. ஆளைப் பார்த்தும் சொல்லிவிட முடியாது. ஒல்லியானவர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் உண்டு.

ஊசியால் துளி திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. அரிதாகவே என்றாலும் ரத்தக் கசிவு நேரலாம். தவிர, ஊசியில் வருவது மொத்தக் கல்லீரலில் சுமார் 50,000இல் ஒரு பங்குதான்; கொழுப்போ எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை.

சி.டி. ஸ்கேன் இதற்கு எளிமையான ஒரு வழி காட்டியது. அந்தக் கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -100. நல்ல கல்லீரல் 60ஐ ஒட்டி நிற்கும். கொழுப்பு சேரச் சேர அந்த எண் இறங்கும், படத்தில் கல்லீரல் கருக்கும். ஆனால் கருவிக்குக் கருவி எண் சற்று மாறுமே? பக்கத்திலேயே மண்ணீரல் இருக்கிறது. அதில் கொழுப்பு படிவதில்லை. ஆகவே சாயம் செலுத்தாமல் எடுத்த படத்தில், கல்லீரலின் எண்ணிலிருந்து மண்ணீரலின் எண்ணைக் கழிக்கிறார்கள். 5க்கு மேல் வந்தால் பெரும்பாலும் நிம்மதி. -10க்குக் கீழே போனால் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இடைப்பட்டவர்களுக்குத்தான் தெளிவான விடை இல்லை.

அந்த விடையை எம்.ஆர்.ஐ. தருகிறது. அது தரும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் பிரமிக்க வைக்கிறது. நம் உடம்பின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் பம்பரமாய்த் தலையாட்டிச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா கருவியில் நொடிக்குச் சுமார் 6 கோடியே 40 லட்சம் சுற்று. கொழுப்பு மூலக்கூறில் இருக்கும் ஹைட்ரஜனை எலக்ட்ரான்கள் கூடுதலாக மூடிக் காப்பதால், அது தண்ணீரின் ஹைட்ரஜனைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். எவ்வளவு கொஞ்சம்? பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு. நொடிக்கு 220 சுற்றுப் பின்தங்கல். சுருதி இம்மியளவு விலகிய இரண்டு தம்புராத் தந்திகளை மீட்டினால் ஒலி ஏறி இறங்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது. சுமார் 2.3 மில்லிநொடியில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று குறைக்கின்றன, 4.6 மில்லிநொடியில் சேர்ந்து கூடுகின்றன. இரண்டு தருணங்களிலும் படம் எடுத்துக் கூட்டினால் தண்ணீர், கழித்தால் கொழுப்பு என்று 1984இல் தாமஸ் டிக்ஸன் காட்டினார். கல்லீரலில் இரும்பு சேர்ந்திருந்தால் கணக்குப் பிசகும் என்பதால் இப்போது இன்னும் பல தருணங்களில் அளந்து திருத்துகிறார்கள். இருபது நொடி மூச்சை அடக்கினால் போதும், முழுக் கல்லீரலுக்கும் கொழுப்பு வரைபடம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. நுண்ணோக்கியில் பார்ப்பவர் நூறு செல்லில் எத்தனை செல்லில் கொழுப்புத் துளி இருக்கிறது என்று எண்ணுகிறார். எம்.ஆர்.ஐ., ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையில் கொழுப்பின் பங்கு எவ்வளவு என்று அளக்கிறது. செல் முழுக்கக் கொழுப்பாக இருப்பதில்லை என்பதால் அங்கே 30 என்பது இங்கே அதைவிட மிகக் குறைந்த எண்ணாக வரும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. வீக்கமோ தழும்போ இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஊசி இன்றும் தேவைப்படலாம்.

என்னைக் கேட்டால், ஸ்கேனின் பெரிய கொடை துல்லியம்கூட அல்ல. அதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பதுதான். கல்லீரல் கொழுப்பு கரையக்கூடியது. உணவைக் குறைத்து, தினமும் நடந்து, சில வாரங்களில் எடை இறக்கினால் கல்லீரல்தான் முதலில் இளைக்கும் உறுப்புகளில் ஒன்று. உடம்பில் ஊசி ஏற்றாமலே அந்த மாற்றத்தை மறுபடி அளக்க முடிகிறது. முதல் ஸ்கேனில் ‘இப்போது வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அப்படி உழைத்துத் திரும்பி வந்து, அடுத்த ஸ்கேனில் தேறி, தங்கள் வீட்டு மனிதருக்குக் கல்லீரல் கொடுத்திருக்கிறார்கள்.