அரை லிட்டர் தண்ணீரின் கணக்கு

காலையில் எழுந்ததும் வெந்நீர், வெறும் வயிற்றில் தேனும் எலுமிச்சையும், மதியம் சீரகத் தண்ணீர், படுக்கப் போகும் முன் இன்னொரு தம்ளர். உடம்பு இளைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன யாருக்கும் இந்த யோசனை எங்கிருந்தாவது வந்து சேர்ந்திருக்கும். காசு செலவில்லை, செய்து பார்த்தால் என்ன கெட்டுப்போகும் என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். சில மாதம் கழித்து எடை மெஷினில் முள் அசையாதபோது, தங்கள் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நொந்துபோகிறார்கள். அப்படி நொந்துகொள்ள வேண்டியதில்லை. தண்ணீருக்கு எடை விஷயத்தில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது கொழுப்பைக் கரைக்கும் பங்கு அல்ல.

தண்ணீர் குடித்தால் கொழுப்பு எரியும் என்ற பேச்சு இவ்வளவு தூரம் பரவ உதவிய ஆய்வு ஒன்று உண்டு. பெர்லினில் போஷ்மன் குழுவினர் நடத்தி 2003-ல் வெளியிட்டார்கள். 7 ஆண்கள், 7 பெண்கள், எல்லாரும் அளவான எடை உள்ளவர்கள். உள்ளே போகும் காற்றையும் வெளியேறும் காற்றையும் அளக்கக்கூடிய தனி அறையில் அவர்களை வைத்து, 22 டிகிரி வெப்பத்தில் இருந்த அரை லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். ஒருவர் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறார், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை விடுகிறார் என்று தெரிந்தால் அவர் உடம்பு எரிக்கும் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். குடித்த 10 நிமிடத்துக்குள் அந்த அளவு ஏறத் தொடங்கியது. 30, 40 நிமிடத்தில் உச்சத்துக்குப் போனது. உயர்வு 30 சதவீதம்.

இந்த 30 சதவீதம்தான் உலகம் சுற்றியது. அது எத்தனை கலோரி என்ற விவரம் வழியிலேயே தங்கிவிட்டது. அதே ஆய்வின்படி, அரை லிட்டர் தண்ணீரால் கூடுதலாகச் செலவான ஆற்றல் மொத்தம் சுமார் 24 கலோரி. ஒரு இட்லியில் ஏறக்குறையப் பாதி. நாளுக்கு 2 லிட்டர் குடித்தாலும் 100 கலோரியை எட்டாது.

அந்த 24 கலோரியும் உறுதியானதா என்று பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வேண்டும் (உணவுப் பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான்). 22 டிகிரியில் உள்ள அரை லிட்டரை உடம்பின் 37 டிகிரிக்குக் கொண்டுவர 7.5 கலோரி போதும். மீதி எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்தில் இதே கேள்வியோடு சோதனையைத் திரும்பச் செய்து 2006-ல் வெளியிட்டார்கள். அறை வெப்பத்தில் இருந்த தண்ணீரைக் குடித்தவர்களிடம் உயர்வே தென்படவில்லை. 3 டிகிரிக்குக் குளிரவைத்த தண்ணீரைக் குடித்தபோது ஒரு மணி நேரத்துக்கு 4.5 சதவீதம் உயர்ந்தது, அவ்வளவுதான். ஜில்லென்ற தண்ணீர் உள்ளே போனால் உடம்பு புதிதாக எரிபொருளை எரிப்பதைவிட, தோல் வழியாக வெளியே விடும் வெப்பத்தைக் குறைத்துச் சமாளிப்பதற்கே முயல்கிறது. நம் உடம்பு அப்படிச் சிக்கனமானது.

வெந்நீர் என்றால் இந்தக் கணக்கு இன்னும் மெலிந்துபோகும். ஏற்கெனவே சூடாக இருப்பதை உடம்பு சூடாக்க வேண்டியதே இல்லை. அதில் ஒரு மேசைக்கரண்டி தேனை ஊற்றினால் 60 கலோரி உள்ளே போகிறது. பெர்லின் கணக்கை அப்படியே ஒப்புக்கொண்டாலும், அந்த அரை லிட்டர் எரிக்க வைப்பதைப்போல இது இரண்டு மடங்குக்கு மேல். வெந்நீர் தொண்டைக்கு இதம், சிலருக்கு மலச்சிக்கலுக்கும் உதவும். அதற்காகக் குடிப்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். இளைப்பதற்காகத் தேன் கலந்து குடிப்பது வீண் வேலை.

அடுத்த யோசனை, சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்புவது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 55 முதல் 75 வயது வரையிலான 48 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கலோரி குறைத்த உணவு. பாதிப் பேர் மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். 12 வாரத்தில், தண்ணீர் குடித்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். 2010-ல் வந்த முடிவு இது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும், அதன் நேர்மைக்காக. உடல் பருமன் உள்ள 84 பேர். ஒரு பகுதியினர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. சாப்பிட உட்காரும் முன் தங்கள் வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும்படி அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஏதாவது ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணமே சிலரைக் குறைவாகச் சாப்பிட வைக்கும், அந்த எண்ணத்தின் பலன் தண்ணீரின் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 12 வாரத்தில் வித்தியாசம் 1.3 கிலோ. மூன்று வேளையும் தவறாமல் குடித்தவர்கள் 4 கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தார்கள். ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டவர்களும் குடிக்காமலே விட்டவர்களும் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை.

இளைஞர்களுக்கு இதே பலன் கிடைக்குமா? வர்ஜீனியா டெக் குழுவினர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், சாப்பாட்டுக்கு அரை மணி முன் தண்ணீர் குடித்த வயதானவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். இளையவர்களின் தட்டில் எந்த மாற்றமும் இல்லை. இளம் வயிற்றில் தண்ணீர் அதிக நேரம் தங்குவதில்லை என்பது காரணமாக இருக்கலாம். வயிற்றுச் சுவர் விரியும்போது நரம்பு வழியே மூளைக்குப் போகும் ‘போதும்’ என்ற செய்தி, தண்ணீர் இறங்கியதும் நின்றுவிடுகிறது. ஆகவே அறுபதைத் தொட்ட அம்மாவுக்கு உதவும் யோசனை, கல்லூரிக்குப் போகும் மகளுக்கு உதவாமல் போகலாம்.

அப்படியானால் வயிற்றில் தண்ணீரைத் தங்கவைக்க வழி உண்டா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்கு அழகான பதில். அளவான எடையுள்ள 24 பெண்கள் வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு நாள் கோழிக்கறியும் அரிசியும் காய்களும் சேர்த்துச் செய்த கெட்டியான பதார்த்தம். இன்னொரு நாள் அதே பதார்த்தத்தோடு பெரிய தம்ளரில் தண்ணீர். மற்றொரு நாள் அதே பதார்த்தத்தில் அதே அளவு தண்ணீரை ஊற்றிக் காய்ச்சிய சூப். மூன்றிலும் சேர்ந்த பொருட்கள் ஒன்று, 270 கலோரி என்ற அளவும் ஒன்று. தண்ணீர் எங்கே இருந்தது என்பது மட்டும்தான் வேறு. அதன் பிறகு மதியச் சாப்பாட்டை வேண்டிய மட்டும் சாப்பிடவிட்டு அளந்தார்கள். தண்ணீரைத் தனியாகக் குடித்த நாளுக்கும் குடிக்காத நாளுக்கும் வித்தியாசமே இல்லை. சூப் குடித்த நாளில் மட்டும் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள்.

தனியாகக் குடிக்கும் தண்ணீர், வயிற்றில் இருக்கும் உணவை ஓரமாகக் கடந்து சீக்கிரம் குடலுக்குப் போய்விடுகிறது. உணவோடு கலந்து வெந்த தண்ணீர் உணவோடே மெல்ல இறங்குகிறது. வயிறு அதுவரை விரிந்தே இருக்கிறது. நம் சமையலில் இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம். சுரைக்காய், பூசணி, புடலங்காய், வெள்ளரி எல்லாவற்றிலும் 100-க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தட்டில் சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூட்டுக்கு இடம் கொடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ ரோல்ஸ் கண்ட வழியில் போகிறார். தேங்காயையும் எண்ணெயையும் அள்ளிப் போடாமல் இருந்தால் சரி.

இனி, தண்ணீரின் பெரிய பங்குக்கு வருவோம். தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதுதான் முக்கியம். கலோரி இல்லை. அதை எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

குடிக்கும் சர்க்கரையை நம் பசி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2000-ல் வெளியான சோதனையில் 15 பேர் 4 வாரம் தினமும் 450 கலோரி அளவுக்கு மிட்டாய் தின்றார்கள், இன்னொரு 4 வாரம் அதே 450 கலோரியைக் குளிர்பானமாகக் குடித்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் தங்களை அறியாமலே மற்ற உணவைக் குறைத்துக்கொண்டார்கள். குளிர்பானக் காலத்தில் அப்படி எதுவும் குறையவில்லை, எடை ஏறியது. நெதர்லாந்தில் 641 பிள்ளைகளுக்குத் தினமும் 250 மில்லி பானம் கொடுத்து ஒன்றரை ஆண்டு பார்த்தார்கள். ஒரு பாதிக்கு 104 கலோரி உள்ள சர்க்கரைப் பானம், மறு பாதிக்குச் சர்க்கரை இல்லாத பானம். எது யாருக்கு என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. முடிவில் சர்க்கரைப் பானம் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு கிலோ கூடுதலாக ஏறியிருந்தார்கள். தினம் ஒரே ஒரு தம்ளர் செய்த வேலை அது.

300 மில்லி கோலா பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. கோலா தொடாதவர்களும் நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு நாளுக்கு நாலு டீ குடிப்பவருக்கும் அதே 30, 40 கிராம் உள்ளே போகிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீக்கடையில் ‘சர்க்கரை கம்மியா’ என்று சொல்வதும், மாலை டீக்குப் பதிலாக ஒரு தம்ளர் தண்ணீரோ உப்புக் குறைத்த நீர்மோரோ குடிப்பதும், சீரகத் தண்ணீர் ஒரு மாதத்தில் செய்யாததைச் செய்துவிடும்.

இதைப் படித்துவிட்டு லிட்டர் லிட்டராகக் குடிக்கத் தொடங்க வேண்டாம். 8 தம்ளர் கட்டாயம் என்பது சட்டமல்ல. 1945-ல் அமெரிக்க உணவு, சத்துணவு வாரியம் நாளுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னபோதே, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சிறுநீரகம் மணிக்குச் சுமார் ஒரு லிட்டரைத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது மிக அதிகமாகக் குடித்தது இதற்கு முக்கியக் காரணம். சிறுநீரகக் கோளாறோ இதயம் பலவீனமோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. வெயிலில் வேலை செய்பவருக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தேவை கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எளிதாகக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளிகளில் பார்க்க முடிந்திருக்கிறது. ஜெர்மனியின் டோர்ட்முண்ட், எஸ்ஸன் நகரங்களில், வசதி குறைந்த பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தார்கள். டோர்ட்முண்ட் பள்ளிகளில் குடிநீர் ஊற்றுகள் வைத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் கொடுத்து, தண்ணீரைப் பற்றிச் சில வகுப்புகளும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டு முடிவில் அங்கே பிள்ளைகள் நாளுக்கு ஒரு தம்ளர் கூடுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். அதிக எடைக்குப் போகும் ஆபத்து எஸ்ஸன் பிள்ளைகளைவிட 31 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் குளிர்பானம் பெரிதாகக் குறைந்ததாகக் கணக்கில் தெரியவில்லை. ஏன் என்ற கேள்வி இன்னும் மீதமிருக்கிறது. நியூயார்க் நகரப் பள்ளிகளின் உணவுக்கூடங்களில், நெம்புகோலை அழுத்தினால் குளிர்ந்த தண்ணீர் கொட்டும் பெரிய கண்ணாடிபோன்ற ஜாடிகளை வைத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் எடையை ஒப்பிட்டு 2016-ல் வெளியான முடிவில், அதிக எடையுள்ள பிள்ளைகளின் விகிதம் ஒரு சதவீதப் புள்ளிக்கும் குறைவான அளவு இறங்கியிருந்தது. எண் சிறியதுதான். ஆனால் யாரையும் பட்டினி போடாமல், யாரையும் குண்டு என்று சொல்லி நோகடிக்காமல் கிடைத்தது.

கேரளப் பள்ளிகளில் 2019-ல் ஒலிக்கத் தொடங்கிய ‘வாட்டர் பெல்’ தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. மணி அடித்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் கழிவறை சுத்தமாக இல்லாத பள்ளியில் மணி அடித்துப் பயனில்லை. காலையில் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் சாயங்காலம் தாகத்தோடு வரும்போது பெட்டிக்கடையில் முதலில் கண்ணில் படுவது வண்ண வண்ணப் பாக்கெட் ஜூஸ்தான்.

இன்று மாலை உங்கள் பிள்ளையின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் திட்டாதீர்கள். ஏன் குடிக்கவில்லை என்று கேளுங்கள். ‘பாத்ரூம் போக முடியாதும்மா’ என்று பதில் வந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசும் முன் கழிவறையைப் பற்றிப் பேசுங்கள்.