மேனி வெளுக்கும் காளானும் சங்கக் கடனும்

புதுக்கோட்டை வட்டாரத்தில் எம் தணிக்கையின்போது காளான் வளர்க்கும் அங்கத்தினர் ஒருவர் துண்டுத்தாள் ஒன்றை நீட்டினார். மேனியை வெளுக்கச் செய்யும் ‘ரெய்ஷி’ என்னும் மருந்துக் காளானை மரத்தூளில் வளர்த்தால், விளைச்சல் முழுவதையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக அதில் கண்டிருந்தது. சங்கத்தில் இதற்குக் கடன் கிடைக்குமா என்று கேட்டார்.

செய்தி முழுப் பொய்யன்று. மொட்டுக் காளானை நறுக்கி வைத்தால் பழுப்பேறுவதைப் பலரும் கண்டிருப்பர். டைரோசினேஸ் என்னும் நொதி செய்யும் வேலை அது. நம் தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் உண்டாவதும் அவ்வகை நொதியினால்தான். அந்நொதியிலுள்ள தாமிரத்தைப் பற்றிக்கொண்டு அதனை முடக்குவது கோஜிக் அமிலம். 1907இல் ஜப்பானில், சோற்றில் வளர்க்கும் ஒரு பூஞ்சணத்தினின்று கண்டறியப்பட்டது. ரெய்ஷியினின்று பிரித்த சில பொருள்களும், ஆய்வுக் கலத்தில் வளர்த்த உயிரணுக்களில் மெலனினைக் குறைத்துள்ளன.

ஆயினும் இத்தகைய சோதனைகள் பலவற்றில் பயன்படுவது மொட்டுக் காளானின் நொதியே. அதனை அடக்கும் பொருள் மனித நொதியையும் அவ்வளவே அடக்கும் என்பதில்லை. கோஜிக் அமிலமே மனித நொதியிடம் வெகுவாக வலுக் குன்றுகிறது. மேலும், வெயிலில் உழைப்போரின் தோலைக் காப்பது அந்த மெலனின்தானே! அதனை ஏன் குறைக்க வேண்டும் என்பது எமக்கு விளங்கவில்லை.

துண்டுத்தாளில் வாங்குவோர் முகவரி இல்லை. கைபேசி எண் மட்டுமே இருந்தது. மனுவைப் பால் காளானுக்கு மாற்றி எழுதச் சொன்னோம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ஏ.பி.கே. 2 இரகம் நம் வெப்பத்தைத் தாங்கும், வைக்கோலில் வளரும், ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கலாம். ஐயங்களுக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தை அங்கத்தினர்கள் அணுகலாம்.