உங்களுக்குத் தெரியுமா? – "மாப்ள, ரிவைவ் குடுடா!"

● எதிரெதிராக மோதாமல் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று ஆடும் வீடியோ கேம் 1978லேயே வந்துவிட்டது. அடாரி நிறுவனத்தின் 'ஃபயர் ட்ரக்'தான் அது. நீளமான தீயணைப்பு வண்டி. முன்பக்கம் ஒருவர் கையில், பின்பக்கம் இன்னொருவர் கையில். ஒருவர் திருப்பி மற்றவர் திருப்பாவிட்டால் வண்டி எங்காவது போய் முட்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திணறும்போது, கிளீனர் கீழே குதித்து "வரட்டும்... வரட்டும்... போதும்ணே!" என்று குரல் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதே வேலை. வாங்கும் திட்டும் அதே அளவு.

● டிவியில் கேசட் செருகி ஆடிய தலைமுறைக்கு 'கான்ட்ரா' மறக்காது. கொனாமி நிறுவனம் 1988இல் அமெரிக்காவில் வீட்டு வடிவமாக வெளியிட்டது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் நகல் கேசட்டுகளில். ஆளுக்கு மூன்று உயிர். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று வரிசையாகத் தட்டிவிட்டு ஆரம்பித்தால் 30 உயிர். மூன்றாவது கட்டம் அருவி. ஒருவர் அவசரப்பட்டு மேலே தாவிக்கொண்டே போனால் திரையும் மேலே நகரும், கீழே நிற்கும் கூட்டாளி செத்துப்போவார். எதிரி சுட்டுச் செத்ததைவிட இதில் செத்ததற்குத்தான் சண்டை அதிகம். உயிர் தீர்ந்தவர், கூட்டாளியின் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. கேட்டு எடுத்தவர்கள் குறைவு!

● விழுந்த ஆளை எழுப்பி மறுபடி ஆட்டத்தில் சேர்க்கும் 'ரிவைவ்' கம்ப்யூட்டர்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. கபடியில் எதிரணி ஆள் ஒருவர் அவுட்டானால், நம் பக்கம் வெளியே உட்கார்ந்திருப்பவர் ஒருவர் உள்ளே வரலாம். யார் முதலில் வெளியே போனாரோ, அவர்தான் முதலில் திரும்புவார்.

இதையே செல்போனில் பார்க்க வேண்டுமானால் பப்ஜி, அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ. நான்கு பேர் கொண்ட ஸ்குவாடில் ஒருவர் சுடுபட்டால் உடனே சாவதில்லை. 'நாக்' ஆகித் தவழ்ந்து கிடப்பார். கூட்டாளி ஓடிவந்து பக்கத்தில் குனிந்து, சில விநாடி அசையாமல் இருந்து தூக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் தூக்குகிறவரால் சுட முடியாது. எங்கிருந்து குண்டு வரும் என்றும் தெரியாது. மூன்றாவது ஆள் கவர் கொடுக்க, நான்காவது ஆள் மெட்கிட் தேட, மைக்கில் ஒரே கூச்சல். நட்பு வளர்கிற இடம் இந்தச் சில விநாடிதான் என்பது என் கட்சி. ஜெயிப்பதில் அல்ல, 100 பேர் இறங்கும் ஆட்டத்தில் ஒரு ஸ்குவாடைத் தவிர எல்லாரும் தோற்றே ஆக வேண்டும். "எனக்காக அந்த வெட்டவெளியில ஓடி வந்தான்" என்பது மட்டும் நினைவில் நிற்கும்.

● மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில், பாதையை அகலமாக்குவதற்காக 2010 முடிவோடு நின்றது. அகல ரயில் போடிக்குள் மறுபடி நுழைந்த நாள் 2023 ஜூன் 15. இடையில் பன்னிரண்டு ஆண்டு! இந்த இடைவெளியில்தான் பப்ஜி மொபைல் வந்தது, 2018இல். 2020 செப்டம்பர் 2இல் இந்தியாவில் தடையானது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ ஆகத் திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல்போய், 2023 மே மாதம் மீண்டும் வந்தது. ஆக, திருப்பூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன பையன்கள், ஊரில் ஏலக்காய் கமிஷன் கடையிலோ தோட்டத்திலோ நின்றுவிட்ட கூட்டாளிகளைச் சந்திக்க ரயிலுக்காகக் காத்திருக்கவில்லை. 'எராங்கல்' என்ற கற்பனைத் தீவில் ராத்திரி பத்து மணிக்குக் குதித்தார்கள். ஆட்டம் பாதி, ஊர்க்கதை பாதி. யார் வீட்டில் கல்யாணம், காய் என்ன விலை போகிறது, எல்லாம் அங்கேதான்.

● ஒருவர் நண்பராவதற்கு எத்தனை மணி நேரம் ஆகும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். ஆனால் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. அரட்டை, வெட்டிப்பொழுது, வீடியோ கேம் எல்லாம் சேரும். வெட்டிப்பொழுதுக்கு ஒரு பேராசிரியரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

● அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில், முன்பின் அறியாதவர்களை அணிகளாகச் சேர்த்துப் புதையல் தேடும் வேலை கொடுத்தார்கள். நடுவில் சில அணிகள் 45 நிமிடம் சேர்ந்து வீடியோ கேம் ஆடின. அடுத்த சுற்றில் அவற்றின் வேலைத்திறன் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது.

● துப்பாக்கி ஆட்டம் பிள்ளைகளை முரடாக்குமா என்ற பழைய வழக்குக்கு ஒரு கிளைச் சாட்சி: 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 'ஹேலோ 2' என்ற சுடும் ஆட்டத்தைச் சிலர் கூட்டாகவும் சிலர் எதிரெதிராகவும் ஆடினார்கள். பிறகு வேறொரு சோதனையில், கூட்டாக ஆடியவர்களே மற்றவரோடு ஒத்துழைக்க அதிகம் முன்வந்தார்கள். யார் பக்கம் நின்று சுட்டார்கள் என்பதும் கணக்கில் வருகிறது போலும்.

● வீடியோ கேம் பரவும் முன்பே இதற்கு ஒரு முன்கதை. 1954இல் உளவியலாளர் முஸஃபர் ஷெரிஃப், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் சிறுவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தார். போட்டி வைக்க வைக்கப் பகை முற்றியது. கொடியைக் கொளுத்தும் அளவுக்குப் போனது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வைத்தும் பயனில்லை, சோற்றை எறிந்துகொண்டார்கள். பிறகு சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி 'கிளம்ப மறுத்தது'. முன்பு கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிராக இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரண்டு கட்சியும் சேர்ந்து இழுத்தன. இப்படிப் பல கூட்டு வேலைகளுக்குப் பின் பகை மெல்லக் கரைந்தது.

● 2021இல் ஆண்டின் சிறந்த வீடியோ கேம் விருது பெற்ற 'இட் டேக்ஸ் டூ'வைத் தனியாக ஆடவே முடியாது. பிரியப்போகும் கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஒருவர் கையில் ஆணி, மற்றவர் கையில் சுத்தியல். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் போதும், கூட ஆடுபவருக்கு இலவசம்.

● போடியை அடுத்த குரங்கணிப் பக்கமும் மலைச்சரிவுத் தோட்டங்களிலும் சிக்னல் வந்து வந்து போகும். அதற்கும் வழி இருக்கிறது. 'மினி மிலிஷியா'வுக்கு இன்டர்நெட் வேண்டாம், ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். 'ஸ்பேஸ்டீம்' இன்னும் வேடிக்கை: உங்கள் திரையில் வரும் கட்டளைக்கான பொத்தான் பக்கத்து ஆளின் போனில் இருக்கும். வாய் வலிக்கக் கத்த வேண்டியதுதான். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலரும்வரை கண்விழிக்கிறவர்களுக்கு ஏற்ற ஆட்டம்.

● நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்து, 2014இல் 25 வயதில் இறந்தார். மகன் நண்பர் யாருமின்றித் திரை முன்னால் தனியாகவே கிடந்தான் என்று பெற்றோர் வருந்தினார்கள். அவன் வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் 'இபெலின்' என்ற பெயரில் பழகிய கூட்டாளிகள் எழுதியவை; இக்கட்டான நேரத்தில் அவன் தங்களுக்குத் தந்த துணையைச் சொன்னவை. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். அவர்களில் யாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. 2024இல் இது ஆவணப்படமாக வந்தது.

● பிஜிஎம்ஐ 2023இல் திரும்பியபோது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், பெரியவர்களுக்கு ஆறு மணி நேரம் என வரம்பு வைத்தார்கள். ஆறு மணி நேரமே அதிகம் என்பேன். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் முற்றிலும் வேறு சரக்கு. அதைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே கூட்டாளியும் கிடையாது, ரிவைவும் கிடையாது.

● கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை 'வெண்பா', 2023இல் வந்த கேம். மறு ஆண்டே சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது. முறைப்படி ஒருவர் ஆடும் ஆட்டம். ஆனால் புதிரெல்லாம் அழிந்துபோன சமையல் குறிப்புகள். முதல் புதிரே, ஆவி ஏறும்படி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது. அடுக்களையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால் அரை நிமிடத்தில் தீர்த்துவிட்டு, அடுத்தது என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.