ஆப்கன் ஹவுண்ட்: வளர்க்கும் முன் அறிய வேண்டியவை

பட்டுப் போன்ற நீண்ட ரோமத்தால் ஈர்க்கும் ஆப்கன் ஹவுண்ட், ஆப்கானிஸ்தான் மலைப்பகுதிகளில் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய் இனமாகும். மோப்பத்தைவிடப் பார்வையை நம்பியே இரையைத் துரத்தும். ஆண் நாய்கள் சுமார் 68 முதல் 74 சென்டிமீட்டர் உயரம் வளரும். 2005-ஆம் ஆண்டு தென்கொரியாவில் குளோனிங் முறையில் பிறந்த உலகின் முதல் நாயான 'ஸ்னப்பி'யும் இந்த இனமே.

ஓடும் பூனையைக் கண்டால், உரிமையாளர் அழைத்தாலும் இது திரும்புவது அரிது. எனவே, வேலியிட்ட இடத்தில் மட்டுமே அவிழ்த்துவிட வேண்டும். ரோமம் சிக்குப் பிடிக்காமலிருக்க வாரத்தில் பலமுறை சீவுவதும், தொங்கும் காதுகளைத் தூய்மையாக வைத்திருப்பதும் அவசியம். கோடையில் அதிகாலை நடைப்பயிற்சியே உகந்தது.

உடலில் கொழுப்பு குறைவு உள்ளிட்ட காரணங்களால், சில மயக்க மருந்துகளின் தாக்கம் இவற்றிடம் நீண்ட நேரம் நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்னர் கால்நடை மருத்துவரிடம் இதை நினைவூட்டுவது, நாயின் உயிரைக் காக்கக்கூடும்.