இரண்டாவது படம் முதலாவதை வென்றதா?



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டு வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே மூடுபனி, விடாத மழை. பிள்ளைகள் வீட்டுக்குள்ளே அடைந்து கிடப்பார்கள். "உம்மா, ஒரு படம் போடுங்களேன்" என்று தொடங்குவார்கள். ஒரு காலத்தில் டவுனிலிருந்து டெக்கும் கசட்டும் வாடகைக்கு எடுத்து வந்தோம். இன்று எல்லாம் கையிலிருக்கும் போனிலேயே வந்துவிடுகிறது. ஆனால் உம்மாமாரின் கேள்வி மட்டும் மாறவில்லை. முதல் படம் நன்றாக இருந்தது, இரண்டாவதும் அப்படித்தான் இருக்குமா? பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்கு நம் மலைநாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. உலகமெங்கும் ஓடிய ஒரு சாகசப் படத்தின் இரண்டாம் பாகம் கண்டி மலைகளில் எடுக்கப்பட்டது. 'இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' என்பது அதன் பெயர். 1984 இல் வெளிவந்தது. அதற்கு முந்தியது 1981 இல் வந்த 'ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்'. இரண்டையும் இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க். கதை ஜோர்ஜ் லூக்கஸுடையது. தொப்பியும் சவுக்குமாக வரும் ஆராய்ச்சியாளர் இண்டியானா ஜோன்ஸாக நடித்தவர் ஹரிசன் போர்ட். வெளிவந்து நாற்பது ஆண்டுகள் தாண்டியும் இன்றும் பிள்ளைகள் இவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள்.

ஹந்தானைக்கு வந்த 'இந்தியக் கிராமம்'

கதைப்படி இது வட இந்தியாவில் நடக்கிறது. ஆனால் இந்திய அரசாங்கம் கதையை வாசித்துவிட்டு மாற்றங்கள் கேட்டது. தங்கள் நாட்டு மக்களையும் அவர்களது வழிபாட்டையும் அது இழிவுபடுத்துகிறது என்று கருதியது. படக்குழுவினர் மாற்றச் சம்மதிக்கவில்லை. இலங்கைக்கு வந்துவிட்டார்கள்.

1983 ஏப்ரலில் படப்பிடிப்புத் தொடங்கியது. கண்டிக்கு மேலே இருக்கும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அந்தக் கிராமத்தை அமைத்தார்கள். 2001 முதல் தேயிலை நூதனசாலை இருக்கிறதே, அதே ஹந்தானைதான். பிள்ளைகளைக் கண்டிக்குக் கூட்டிப் போகும்போது காட்டிக் கொடுக்கலாம். அறுந்து விழும் அந்தத் தொங்குபாலம், அப்போது மகாவலியில் கட்டப்பட்டு வந்த விக்டோரியா அணைக்கட்டுக்குப் பக்கத்தில் போடப்பட்டது. அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களே பாலம் போடவும் உதவினார்கள். ஹற்றன் பக்கத்துச் சகோதரிகள் கொழும்புக்குப் போகும் வழியில் கித்துல்கலையில் இன்னொரு 'பாலத்து'க் கதையைக் கேட்டிருப்பீர்கள். 1957 இல் வந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' அங்கேதான் எடுக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களில் நம் மலைகள் வேறு நாடாக வேஷம் போடுவது புதிதல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வட இந்தியக் கிராமத்தார் என்று காட்டப்படும் அந்த மக்கள் பேசுவது சிங்களம்! உலகத்தில் எத்தனையோ பேர் அதை ஏதோ ஓர் இந்திய பாஷை என்று நினைத்துப் பார்த்திருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் சிரிப்பார்கள். கிராமத்துப் பெரியவராக வருபவர் நம் நாட்டின் புகழ்பெற்ற நடிகர் டி. ஆர். நாணாயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்குப் பின்னாலிருந்து ஸ்பீல்பேர்க் சொல்லிக்கொடுக்க, அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். இருந்தும் அந்த முகத்தில் தெரியும் துயரம் படம் முடிந்த பிறகும் மனதை விட்டுப் போகாது.

முதல் படத்தின் கைப்பக்குவம்

முதல் படத்தில் தேடப்படும் பொருள், அல்குர்ஆனில் தாலூத்தின் வரலாற்றில் வரும் 'தாபூத்' என்ற பேழை. யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அறிந்த ஒன்று. ஹிட்லரின் ஆட்கள் அதைக் கைப்பற்றப் பார்க்கிறார்கள், நம் ஆராய்ச்சியாளர் தடுக்கப் பார்க்கிறார். ஒரு காரியம், இரண்டு தரப்பு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் போட்டியிலும் அது இடம்பெற்றது.

அதைவிட முக்கியம், அதில் வரும் மனிதர்கள். மரியன் என்ற பெண் பாத்திரத்தைப் பாருங்கள். நேபாளத்தில் மதுக்கடை நடத்துகிறவள். நமக்குப் பிடிக்காத தொழில்தான். என்றாலும் யாரையும் நம்பி நிற்காதவள். ஆபத்து வந்தால் தானும் யோசிப்பாள், தானும் ஓடுவாள், தானும் அடிப்பாள்.

இரண்டாவது படத்தில் அவள் இல்லை. வில்லி என்ற பாட்டுக்காரி வருகிறாள். அவளுடைய வேலை முக்கால்வாசி நேரமும் கூச்சலிடுவதுதான். பூச்சியைக் கண்டால் கூச்சல், யானையைக் கண்டால் கூச்சல், நகம் உடைந்தால் கூச்சல். சிரிப்புக்காக வைத்தார்கள். ஆனால் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு நமக்குச் சலித்துவிடுகிறது. பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானத்திலிருந்து ரப்பர் படகில் குதிப்பது, சுரங்கத்துக்குள் தண்டவாள வண்டியில் துரத்துவது என்ற இரண்டு காட்சிகளும் முதல் படத்துக்காக யோசித்து, இடமில்லாமல் எடுத்து வைத்தவை. நேற்றைய கறியைச் சூடாக்கிப் பரிமாறுவது தப்பில்லை. சில கறி மறுநாள்தான் ருசிக்கும். அந்தத் தண்டவாள வண்டிக் காட்சி அப்படி ருசிப்பதுதான். ஆனால் மிச்சக் கறியை மட்டும் வைத்து ஒரு விருந்தை நடத்திவிட முடியாது.

பயமா, சிரிப்பா?

முதல் படத்திலும் பயங்கரக் காட்சிகள் உண்டு. பாம்புக் குழி உண்டு. முடிவில் தீயவர்களின் முகம் உருகுவது உண்டு. ஆனால் இரண்டாவது படத்தின் நடுப்பகுதி முழுக்க இருட்டு. உயிரோடு ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சி இருக்கிறது. பிள்ளைகளைச் சவுக்கால் அடிக்கும் காட்சிகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். குடும்பப் படம் என்று நம்பிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோமே என்றார்கள். அதே கோடையில் வந்த 'கிரெம்லின்ஸ்' படத்தின் மீதும் இதே முறைப்பாடு எழுந்தது. விளைவாக, பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரை எச்சரிக்கும் 'பிஜி-13' என்ற புதிய தரம் 1984 ஜூலை முதலாம் திகதி அங்கே நடைமுறைக்கு வந்தது. இன்று போனில் ஒரு படத்தைத் திறந்ததும் மூலையில் தெரிகிறதே 13 என்ற இலக்கம், அது அந்தப் பெற்றோரின் முறைப்பாட்டிலிருந்து பிறந்தது. ஸ்பீல்பேர்க்கே பிற்காலத்தில், இந்தப் படம் தனக்குத் திருப்தி தரவில்லை, அளவுக்கு மீறி இருண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே சகோதரிகளே, முதல் பாகம் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதால் இரண்டாம் பாகமும் ஏற்றது என்று எண்ணிவிடாதீர்கள். பெயர் ஒன்றுதான், நடிகர் ஒருவர்தான். உள்ளே இருப்பது வேறு.

அந்த அரண்மனை விருந்து

பிள்ளைகள் அதிகம் சிரிக்கும் காட்சி ஒன்று உண்டு. அரண்மனையில் விருந்து நடக்கிறது. பாம்பின் வயிற்றைக் கீறினால் உள்ளே உயிருள்ள குட்டிப் பாம்புகள். வறுத்த வண்டுகள். கண் மிதக்கும் சூப். கடைசியில் குரங்கின் மூளை. இந்தியர்கள் இதைத்தான் தின்கிறார்கள் என்று உலகத்துக்குக் காட்டினார்கள். அத்தோடு, கோடிக்கணக்கான மக்கள் தாயென்று வணங்கும் காளியை நரபலி கேட்கும் பிசாசாகச் சித்திரித்தார்கள். படம் இந்தியாவில் சில காலம் தடைசெய்யப்பட்டதில் ஆச்சரியமில்லை.

"படந்தானே, இதிலென்ன?" என்று கேட்பீர்கள். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் டிக்கோயாவிலும் நம்முடைய அயலவர் யார்? நம் கடைக்கு வந்து அரிசியும் மாவும் வாங்கிப் போகிறவர்கள் யார்? நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் யார்? லயங்களுக்குப் பக்கத்தில் சிறிய கோயில் கட்டி, அதே காளியையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள்தானே. அவர்களுடைய சாப்பாடு என்ன என்பது நமக்குத் தெரியும். ரொட்டியும் சம்பலும், பருப்பும் சோறும். இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, மறுநாள் வகுப்பில் லயத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

இதை நாம் நன்றாக விளங்கிக்கொள்ள முடியும். ஏனென்றால் முதல் படத்தில் அடிபட்டவர்கள் நாம். கெய்ரோ நகரம் என்று அதில் காட்டப்படுவது உண்மையில் துனீசியாவின் கைரவான். உக்பா இப்னு நாபிஃ அமைத்த, பெரிய பள்ளிவாசலுக்குப் பெயர்போன நகரம். அந்தத் தெருவில் கறுப்பு உடையணிந்த ஓர் அரபி பெரிய வாளைச் சுழற்றிக் காட்டுகிறான். கதாநாயகன் அலட்சியமாகத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிறான். உலகமே கைதட்டிச் சிரித்த காட்சி அது. அன்று ஹரிசன் போர்ட்டுக்கு வயிற்றுப்போக்கு. நீண்ட சண்டைக் காட்சியில் நிற்க முடியாமல் அப்படிச் சுருக்கினார்களாம். சலாஹ் என்ற நல்ல எகிப்திய நண்பர் ஒருவர் வருகிறார் என்பது உண்மை. அவருக்குக் குடும்பம் உண்டு, பிள்ளைகள் உண்டு, நன்றி உண்டு. மற்ற அரபிகளோ வாளோடும் கூச்சலோடும் ஓடும் கூட்டம்.

அந்த அரபியைப் பார்த்து உலகம் சிரித்தபோது நமக்கு வலித்தது என்றால், இந்த விருந்தைப் பார்த்து அயலவருக்கு வலிப்பதும் நமக்குத் தெரிய வேண்டும். நம்மைத் தவறாகக் காட்டும்போது கோபிப்பதும், அடுத்தவரைத் தவறாகக் காட்டும்போது சிரிப்பதும் நீதியாகாது. இந்தப் படப்பிடிப்பு நடந்த அதே ஆண்டில், 1983 ஜூலையில், இந்த நாட்டில் தமிழ் மக்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அயலவரைப் பற்றி மனதில் ஊன்றப்படும் விதை சிறியது என்று எண்ணக்கூடாது.

இரண்டாவது படம் வென்ற இடம்

இவ்வளவு சொல்லிவிட்டு, நல்லதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. இரண்டாவது படம் முதலாவதைத் தாண்டும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிள்ளைகள்.

முதல் படத்தில் தேடல் ஒரு பொருளுக்காக. இரண்டாவதில் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கடத்திச் சென்று சுரங்கத்தில் வேலை வாங்குகிறார்கள். புகழும் செல்வமும் தேடி வந்த கதாநாயகன், தப்பிப் போக வழி கிடைத்தும் அந்தப் பிள்ளைகளை விட்டுப் போகாமல் நிற்கிறான். கடைசியில் பிள்ளைகள் ஹந்தானைச் சரிவில் ஓடிவந்து தாய்மாரின் கைகளில் விழுகிறார்கள். கல்மனமும் கரையும் காட்சி.

நமக்கு இது வெறும் கதையல்ல. தோட்டங்களிலிருந்து சின்னஞ்சிறு பிள்ளைகள் டவுன் வீடுகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். இந்த நாட்டில் ஒருவரை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது 2021 இல்தான். சினிமாவில் அந்தப் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடும் நாம், நம் குசினியில் நிற்கும் பிள்ளையின் வயதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டாமா?

கதாநாயகனோடு சேர்ந்து சாகசம் செய்யும் சீனச் சிறுவனாக வருபவர் கே ஹுய் குவான். வியட்நாமிலிருந்து அகதியாகப் போன குடும்பத்துப் பிள்ளை. தம்பியைத்தான் தேர்வுக்குக் கூட்டிப் போனார்கள், கூடப் போன இவர் தெரிவானார். வளர்ந்த பிறகு வாய்ப்பில்லாமல் பல ஆண்டுகள் நடிப்பை விட்டிருந்தவர், 2023 இல் வேறொரு படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றார். படத்தில் உண்மையான சிரிப்பு வருவதெல்லாம் இவரால்தான். வில்லியின் கூச்சலால் அல்ல.

முடிவாக

வேகத்தில் இரண்டாவது படம் முதலாவதுக்குக் குறைந்ததல்ல. கதையிலும், பெண் பாத்திரத்திலும், மனிதரை மதிப்பதிலும் முதலாவதுக்குக் கீழேதான். பிள்ளைகள் மீதுள்ள இரக்கத்தில் மட்டும் மேலே. எடுத்தவர்களுக்கே இது விளங்கியிருக்க வேண்டும். 1989 இல் வந்த மூன்றாவது படத்தில் இருட்டைக் குறைத்து, கதாநாயகனின் தகப்பனாரைக் கொண்டுவந்து, சலாஹையும் திரும்ப அழைத்தார்கள். குடும்பத்தோடு சிரித்துப் பார்க்க அது நல்லது.

இரண்டாவதைப் பிள்ளைகள் கேட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில் நீங்களோ வீட்டுக்காரரோ பார்த்துவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நடுப்பகுதிக் கோயில் காட்சிகளைக் காட்ட வேண்டாம். விருந்துக் காட்சி வரும்போது படத்தை நிறுத்தி, "நம் பக்கத்து வீட்டில் இப்படியா சாப்பிடுகிறார்கள்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் "இல்லை" என்பார்கள். "அப்படியென்றால் இவர்கள் ஏன் இப்படிக் காட்டினார்கள்?" என்று அடுத்துக் கேளுங்கள். அதற்குப் பிள்ளைகள் சொல்லும் பதிலைப் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள்.